இணைப்பைத் துண்டித்தது யார்? – கணினி கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து ஏறத்தாழ ஒரே குறையைச் சொல்லுகின்றன. லினக்ஸ் முதலான யுனிக்ஸ் வகைக் கணினியில் உள்நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, நாம் வெளியேறச் சொல்லாமலேயே அமர்வு முடிந்துவிடுகிறது. பாதியில் நின்ற வேலையும் அதோடு போய்விடுகிறது. ஐந்தும் குமரி மாவட்டத்துக் கடிதங்களே. அறிகுறி ஒன்றாகத் தெரிந்தாலும் காரணம் ஐந்திலும் வெவ்வேறாக இருப்பதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தைச் சொல்லாமல் தனித்தனியே பதில் எழுதியிருக்கிறேன். எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்பு, அமர்வு முடிந்த நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும் ஐவருக்கும் பொது.

கேள்வி: திருவனந்தபுரத்தில் உள்ள எங்கள் நிறுவனத்தின் சர்வரோடு, தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக இணைந்து, வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சாயா குடிக்க எழுந்து போய்த் திரும்பினால் அமர்வு முடிந்திருக்கிறது. சில நாள் டெர்மினலில் ஒரு வரிச் செய்தி இருக்கிறது. சில நாள் ஒன்றுமே இல்லாமல் திரை உறைந்து நிற்கிறது, எந்த விசையைத் தட்டினாலும் அசைவதில்லை. இணையச் சேவை தருபவர்கள் தங்கள் பக்கம் குறையில்லை என்கிறார்கள். அலுவலகத்தில் சர்வரில் குறையில்லை என்கிறார்கள். யாரை நம்புவது?
— ஒரு வாசகர், தக்கலை

இரு தரப்பார் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒரே கோளாறு என்று நீங்கள் நினைப்பது இரண்டு கோளாறுகள். அவற்றைப் பிரித்தறியும் அடையாளத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு செய்தியைக் காட்டிவிட்டு முடிகிற அமர்வை ஏதோ ஒரு நிரல் தெரிந்தே மூடியிருக்கிறது. செய்தியில்லாமல் உறைந்து நிற்கிற அமர்வையோ எவரும் மூடவில்லை. நடுவில் இருந்த பாதைதான் இல்லாமல் போயிருக்கிறது.

செய்தியோடு முடிவதை முதலில் பார்ப்போம். அந்த ஒரு வரியில் ‘டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் இன்புட்: ஆட்டோ-லாகவுட்’ என்று இருந்தால், மூடியது நெட்வொர்க்கும் அன்று, எஸ்எஸ்எச் சேவையும் அன்று, நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கிச் செய்யும் பேஷ் என்ற ஷெல்லே மூடியிருக்கிறது. டி, எம், ஓ, யு, டி என்னும் ஐந்து பெரிய எழுத்துகளால் ஆன ‘டிஎம்அவுட்’ என்ற மாறியில் ஓர் எண் இருந்தால், கட்டளைக்காகக் காத்திருக்கும் நிலையில் அத்தனை விநாடி எதுவும் தட்டப்படாதபோது பேஷ் தானாக வெளியேறிவிடும். எக்கோ கட்டளையோடு டாலர் குறியிட்டு அந்தப் பெயரைக் கொடுத்தால் எண் தெரியும். 900 என்று வந்தால் 15 நிமிடம். 600 என்று வந்தால் 10 நிமிடம். இந்தக் கணக்கு ஷெல் சும்மா காத்திருக்கும்போது மட்டுமே ஓடும் என்பதால், ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நாள் ‘விஐ’ எடிட்டரில் ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்துவைத்துவிட்டு எழுந்து போங்கள். மறுநாள் வெறும் கட்டளை வரியில் விட்டுவிட்டுப் போங்கள். எடிட்டர் திறந்திருந்த நாளில் அமர்வு பிழைத்து, மற்ற நாளில் முடிந்திருந்தால், குற்றவாளி இந்த மாறிதான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதே குறைக்காக இரண்டு நாள் வீணாக்கினேன். கேபிளை மாற்றினேன், ரவுட்டரை மாற்றினேன், இணையச் சேவைக்காரரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். மூன்றாம் நாள், ஒவ்வொரு முறையும் இடைவெளி சரியாகப் பத்து நிமிடம் என்று நேரம் குறித்த தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பழுதான கம்பி பத்து நிமிடத்தை எண்ணிப் பார்த்து அறுவதில்லை. இடைவெளி முழு எண்ணாக, மாறாமல் வந்தால், யாரோ எங்கோ ஓர் எண்ணை எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த எண் பெரும்பாலும் சர்வரின் இடிசி கோப்புறையில் ‘புரொஃபைல்’ என்ற கோப்பிலோ, ‘புரொஃபைல்.டி’ என்ற துணைக் கோப்புறையிலோ இருக்கும். ‘ரீட்ஒன்லி’ என்று சேர்த்து எழுதப்பட்டிருந்தால் உங்களால் அதை மாற்ற முடியாது. குறுக்கு வழி தேடவும் வேண்டாம். திறந்து கிடக்கும் டெர்மினலில் வேறொருவர் கைவைக்காமல் இருப்பதற்காக சர்வரை நிர்வகிக்கும் அட்மின் வேண்டுமென்றே வைத்த பூட்டு அது. நேரத்தைக் கூட்டித்தரும்படி அவரிடமே கேளுங்கள்.

இனி, திரை உறைவது. உங்கள் வீட்டு ரவுட்டர், உள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வோர் இணைப்பையும் ஒரு பட்டியலில் குறித்துவைத்துக்கொண்டுதான், திரும்பி வரும் தரவை உரிய கணினிக்கு அனுப்புகிறது. நெடுநேரம் எதுவும் பேசாத இணைப்பின் வரியை இடம் மிச்சப்படுத்த அது அழித்துவிடும். எஸ்எஸ்எச் போன்றவை பயன்படுத்தும் இணைப்பு முறைக்கு டிசிபி என்று பெயர். இத்தகைய கருவிகள் ஒரு டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன்பாக மறக்கக்கூடாது என்று 2008-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5382 சொல்லுகிறது. ஆயினும் சில நிமிடங்களிலேயே மறந்துவிடும் ரவுட்டர்கள் உண்டு. லினக்ஸோ, சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று முதல் முறை தட்டிப் பார்ப்பதே 7,200 விநாடிகளுக்குப் பிறகுதான். அதற்குள் ரவுட்டர் மறந்திருந்தால், நீங்கள் தட்டும் எழுத்து சர்வரைப் போய்ச் சேராது. பதில் வராததால் கணினி அதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, ஏறத்தாழ 15 நிமிடம் கழித்தே கைவிட்டு, ‘புரோக்கன் பைப்’ போன்ற ஒரு செய்தியைக் காட்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. என்டர் விசையைத் தட்டி, அடுத்து டில்டே என்னும் அலைக்குறியையும் ஒரு புள்ளியையும் தட்டினால், உறைந்த எஸ்எஸ்எச் இணைப்பு உடனே மூடிக்கொள்ளும்.

தடுக்க வேண்டுமானால், இணைப்பு பேசாமல் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் கணினியில், ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் ‘.எஸ்எஸ்எச்’ கோப்புறையில் ‘கான்ஃபிக்’ என்ற கோப்பைத் திறந்து, ‘ஹோஸ்ட்’ என்று எழுதி நட்சத்திரக் குறியிட்டு, அதன் கீழே ‘சர்வர்அலைவ்இன்டர்வல் 60’ என்று ஒரு வரி சேருங்கள். இயல்பில் இதன் மதிப்பு 0, அதாவது தட்டிப் பார்ப்பதே இல்லை. 60 என்று வைத்தால் அமைதியாக இருக்கும் நிமிடந்தோறும் ஒரு சிறு தகவல் போய் வரும், ரவுட்டரும் மறக்காது. ஆனால் இதோடு சேர்ந்தது ‘சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ்’. இதன் இயல்பு மதிப்பு 3. மூன்று முறை பதில் வராவிட்டால் எஸ்எஸ்எச் தானே இணைப்பை முறித்துவிடும். ஆகவே மூன்று நிமிடத் தடங்கலே அமர்வை முடித்துவிடப் போதும். ஆனியிலும் ஆடியிலும் ஒரு மழை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையையும் வாங்கும் நம் மாவட்டத்தில், ஐந்து நிமிடத் தடங்கல் அரிதன்று. நான் 10 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சர்வர் பக்கத்தில் ‘கிளையன்ட்அலைவ்இன்டர்வல்’ என்று ஓர் அமைப்பு உண்டு. சும்மா இருப்பவரை வெளியேற்றுவதற்கானது அது என்று பலர் எழுதுகிறார்கள், அப்படியன்று. சர்வர் தட்டிப் பார்க்கும்போது உங்கள் கணினி நீங்கள் அருகில் இல்லாவிட்டாலும் பதில் சொல்லிவிடும். பதில் சொல்ல ஆளே இல்லாதபோதுதான், அதாவது பாதை அறுந்தபோதுதான், அமர்வு மூடப்படும்.

மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்து எரிந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாமல் போகலாம். ஒரு டிசிபி இணைப்பை அடையாளம் காட்டுபவை இரு முனைகளின் முகவரிகளும் போர்ட் எண்களுமாகிய நான்கு. ரவுட்டர் மீண்டும் எழுந்து வேறு முகவரியைப் பெற்றுவிட்டால், நான்கில் ஒன்று மாறிவிட்டது. பழைய இணைப்பை எந்தத் தட்டுதலும் எழுப்பாது. இதற்குச் செலவு குறைந்த வழி, ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டுவது. நிலையான வழி, சர்வரில் நுழைந்தவுடன் ‘டீமக்ஸ்’ நிரலைத் தொடங்கி, அதற்குள் வேலை செய்வது. இணைப்பு போனாலும் வேலை சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், மீண்டும் நுழைந்து ‘டீமக்ஸ் அட்டாச்’ என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஎம்அவுட் இருக்கும் சர்வரில் டீமக்ஸுக்குள் சும்மா நிற்கும் ஷெல்லும் அதே கணக்கில் மூடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் மூடாது. முகவரி மாறினாலும் அறாத இணைப்பே வேண்டுமென்றால், எம்ஐடி-யில் உருவாகி 2012-இல் வெளியான ‘மாஷ்’ என்ற நிரல் இருக்கிறது. அதற்குச் சர்வரில் 60000 முதல் 61000 வரையிலான யுடிபி போர்ட்டுகளுள் சிலவற்றையாவது அட்மின் திறந்துவிட வேண்டும்.

அட்மினிடம் பேசும்போது, ‘அடிக்கடி அறுகிறது’ என்று சொல்லாமல் நாளையும் நிமிடத்தையும் சொல்லுங்கள். டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்களில் ‘ஆத்.லாக்’, ரெட் ஹேட் வகைகளில் ‘செக்யூர்’ என்ற பதிவேட்டை அந்த நிமிடத்தில் அவர் திறந்தால், ‘டிஸ்கனெக்டடு பை யூசர்’ என்ற வரி இருக்குமானால் மூடும் சொல் உங்கள் பக்கத்திலிருந்துதான் போயிருக்கிறது; ‘டைம்அவுட், கிளையன்ட் நாட் ரெஸ்பாண்டிங்’ என்றால் சர்வர் தட்டிப் பார்த்துப் பதில் கிடைக்காமல் மூடியிருக்கிறது; ‘கனெக்ஷன் ரீசெட்’ என்றால் நடுவிலோ உங்கள் முனையிலோ வெட்டப்பட்டிருக்கிறது. சர்வரின் கடிகாரம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். நீங்கள் மாலை 3.10 என்று குறித்ததை அங்கே 9.40-இல் தேட வேண்டும். ஐந்தரை மணி நேர வேறுபாட்டை மறந்து, தவறான இடத்தில் தேடி, ‘சர்வரில் ஒன்றுமில்லை’ என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் எங்கள் கடையில் கணக்கு எழுத உபுண்டு கணினி வைத்திருக்கிறோம். ஒரு வாரமாகக் கடவுச்சொல்லைத் தட்டினால் திரை ஒரு நொடி கறுத்து, திரும்பவும் உள்நுழைவுப் பக்கமே வருகிறது. கடவுச்சொல் தவறு என்றும் சொல்லவில்லை. வந்து பார்த்தவர், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும் என்கிறார். மூன்று ஆண்டுக் கணக்கு உள்ளே இருக்கிறது. அழிக்கலாமா?
— ஒரு வாசகி, குலசேகரம்

அழிக்க விடாதீர்கள். உங்கள் கணக்கு பெரும்பாலும் ஓர் எழுத்துக்கூடச் சேதமில்லாமல் இருக்கிறது. கடவுச்சொல் தவறு என்று கணினி சொல்லவில்லை என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமானது. உள்நுழைவு வெற்றி பெற்று, அமர்வு தொடங்கி, தொடங்கிய நொடியிலேயே ஏதோ கிடைக்காமல் முடிந்திருக்கிறது.

உள்நுழைவுப் பக்கம் இருக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். அங்கே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுங்கள். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது இயல்பு. உள்ளே போக முடிந்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது. ‘டிஎஃப்’ என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சிறுகோட்டோடு ‘எச்’ என்ற சிறிய எழுத்தைச் சேர்த்து என்டர் செய்யுங்கள். வரும் பட்டியலில் கடைசியில் வெறும் சாய்கோடு இருக்கும் வரியையும், ‘ஹோம்’ என்று முடியும் வரி இருந்தால் அதையும் பாருங்கள். அங்கே 100 சதவீதம் என்று இருந்தால் காரணம் அதுதான். அமர்வு தொடங்கும்போது சில சிறு கோப்புகளை எழுதியே ஆக வேண்டும். எழுத இடமில்லாவிட்டால் வரைகலைத் திரை தொடங்க முடியாமல் திரும்பிவிடும். குப்பைத் தொட்டியில் கிடப்பவற்றையும், நிறுவலுக்காக இறக்கி வைத்த பழைய பொதிகளையும் நீக்கினால் பெரும்பாலும் போதிய இடம் கிடைக்கும். பின்னதற்கு ‘சூடோ ஏபிடி கிளீன்’ என்ற கட்டளை (‘சூடோ’ என்பது நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்வது). ஆனால் எதையும் நீக்குவதற்கு முன்பு, கணக்குக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் படியெடுத்து வையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இடம் தாராளமாக இருந்தால், ‘எல்எஸ்’ கட்டளையோடு சிறுகோடும் ‘எல்ஏ’ என்ற இரண்டு சிறிய எழுத்துகளும் சேர்த்துத் தட்டி, ‘.எக்ஸ்அத்தாரிட்டி’ என்ற கோப்பின் வரியைத் தேடுங்கள். அந்த வரியின் நடுவில் உங்கள் பயனர் பெயர் இரண்டு முறை வர வேண்டும். அங்கே ‘ரூட், ரூட்’ என்று இருந்தால், எப்போதோ யாரோ ஒரு வரைகலை நிரலைச் சூடோவோடு இயக்கியதால் அந்தக் கோப்பு உங்கள் கையைவிட்டு நிர்வாகியின் கைக்குப் போய்விட்டது. ‘சூடோ சவுன்’ கட்டளையால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் கதவு திறக்கும். இதே போலத் ‘டெம்ப்’ கோப்புறை எல்லோரும் எழுதக்கூடியதாக, அதாவது 1777 என்ற அனுமதியோடு இருக்க வேண்டும். யாரேனும் அதை மாற்றியிருந்தாலும் இந்த அறிகுறியே வரும்.

கேள்வி: ஷெல் நிரல் எழுதப் பழகுகிறேன். நான் எழுதிய சிறு நிரலை இயக்கினால் டெர்மினல் சாளரமே மூடிக்கொள்கிறது. என்ன வந்தது என்று படிக்கக்கூட நேரமில்லை.
— ஒரு மாணவர், கொல்லங்கோடு

நிரலின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் இடைவெளியும் விட்டோ, ‘சோர்ஸ்’ என்ற சொல்லைப் போட்டோ இயக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இயக்கும்போது தனி ஷெல் பிறப்பதில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஷெல்லே அந்த வரிகளைப் படித்துச் செய்கிறது. ஆகவே நிரலின் முடிவில் நீங்கள் எழுதிய ‘எக்ஸிட்’ உங்கள் ஷெல்லுக்கே இடப்பட்ட கட்டளை ஆகிவிடுகிறது. முன்னால் ‘பேஷ்’ என்று போட்டு இயக்குங்கள். அல்லது ‘எக்ஸிட்’ இருக்கும் இடத்தில் ‘ரிட்டர்ன்’ எழுதுங்கள்.

நிரலில் ‘செட் -இ’ என்ற வரி இருந்தாலும் இதே வினைதான், இன்னும் தந்திரமாக. அந்த வரி உங்கள் ஷெல்லில் பதிந்துவிட்டால், அதன் பிறகு தோல்வியடையும் முதல் கட்டளையே ஷெல்லை மூடும். ‘கிரெப்’ கொண்டு ஒரு சொல்லைத் தேடி, அந்தச் சொல் கோப்பில் இல்லாமற்போனால் அதுவும் தோல்விக் கணக்குதான். சிலர் இந்த வரியைப் ‘.பேஷ்ஆர்சி’ கோப்பில் எழுதிவிட்டு, எந்தச் சாளரத்தைத் திறந்தாலும் மூடுகிறதே என்று தவிப்பார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 4 ஜிபி நினைவகம் உள்ள கணினிகளில் உபுண்டு 22.04 இருக்கிறது. மாணவியர் பிரவுசரில் பல பக்கங்களைத் திறந்துகொண்டு நிரல் எழுதும்போது, திடீரென்று எல்லாச் சாளரங்களும் மறைந்து உள்நுழைவுப் பக்கம் வருகிறது. ஆய்வகம் முழுமைக்கும் ஒரே பயனர் பெயர்தான். யாரோ உள்ளே புகுந்து வெளியேற்றுகிறார்கள் என்று மாணவியர் அஞ்சுகிறார்கள். அப்படியும் நடக்குமா?
— ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்

நடக்கும், ஆனால் உங்கள் இடத்தில் அது முதல் ஐயமாக இருக்க வேண்டாம். மறுமுறை நிகழும்போது, அந்த மாணவியை உடனே உள்நுழையச் சொல்லி, ‘அப்டைம்’ என்ற கட்டளையைத் தட்டச் சொல்லுங்கள். கணினி எழுந்து இரண்டு நிமிடம்தான் ஆகிறது என்று வந்தால், அமர்வு முடியவில்லை, கணினியே அணைந்து எழுந்திருக்கிறது. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தால், பேட்டரி தேய்ந்த யுபிஎஸ் அதைத் தாங்காது. விளக்கு அணையாததால் மின்தடை என்று யாருக்கும் தோன்றாது. ‘லாஸ்ட்’ கட்டளையும் அந்த அமர்வின் எதிரே ‘கிராஷ்’ என்று காட்டும். இப்படி இருந்தால் லினக்ஸைத் தோண்ட வேண்டாம். யுபிஎஸ் பேட்டரியைச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் ஒரு வரிசைக் கணினிகள் அத்தனையும் போகின்றனவா, ஒன்று மட்டும் போகிறதா என்று கவனித்தாலே இது பாதி விளங்கிவிடும்.

கணினி காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அப்டைம் சொன்னால், நான் ஐயப்படுவது நினைவகத்தை. நினைவகமும், அதற்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய ஸ்வாப்பும் தீர்ந்துபோகும்போது, முழுக் கணினியும் செயலற்றுப் போகாமல் இருப்பதற்காக, லினக்ஸின் மையமான கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். அதற்கு முன்னதாகவே தலையிடும் ‘சிஸ்டம்டி-ஊம்டி’ என்ற சேவையும் உபுண்டு 22.04-இல் இயல்பாகவே இயங்குகிறது. அது ஒரு நிரலை மட்டுமன்று, அந்த நிரல் சேர்ந்திருக்கும் குழு முழுவதையுமே முடித்துவிடும். பெரும்பாலும் பலியாவது பிரவுசர். ஆனால் திரையை வரையும் க்னோம் ஷெல் பலியானால், வேலாண்ட் என்னும் திரை முறையில் எல்லாச் சாளரங்களும் அதை நம்பியே நிற்பதால், அனைத்தும் ஒருசேர மறைந்து உள்நுழைவுப் பக்கம் வரும். மாணவியர் கண்டது இந்தக் காட்சியாகத்தான் இருக்கும்.

உறுதி செய்ய, ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையோடு ‘-கே’ சேர்த்துக் கெர்னலின் பதிவைத் திறந்து, குறித்த நிமிடத்தில் ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து அதே கட்டளையோடு ‘-யு சிஸ்டம்டி-ஊம்டி’ என்று சேர்த்தும் பாருங்கள். இரண்டிலும் ஒன்றுமில்லாமல், ‘க்னோம்-ஷெல்’ என்ற பெயரோடு ‘செக்ஃபால்ட்’ என்ற சொல் இருந்தால், அது நினைவகக் குறையன்று. திரை நிரலோ கிராஃபிக்ஸ் டிரைவரோ தவறியிருக்கிறது, புதுப்பித்துப் பார்க்க வேண்டும். நினைவகம்தான் என்றால் 8 ஜிபி ஆக்குவதே நேரான தீர்வு. அதற்குப் பணம் ஒதுக்கப்படும்வரை, ஸ்வாப் கோப்பை 4 ஜிபி அளவுக்குப் பெரிதாக்குங்கள். க்னோமுக்குப் பதிலாக எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான திரைச்சூழலை வையுங்கள். ஊம்டி சேவையை நிறுத்திவைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; ஒரு மாணவியின் சாளரம் மூடுவதற்குப் பதிலாகக் கணினி முழுவதும் சில நிமிடம் உறைந்து கிடக்கும், அவ்வளவே.

அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆய்வகம் முழுமைக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்பது எனக்குக் கவலை தருகிறது. கணினிகளில் எஸ்எஸ்எச் சேவை திறந்திருந்தால், பக்கத்து வரிசையில் இருக்கும் ஒருவர் அதே பெயரில் அடுத்தவர் கணினிக்குள் நுழைந்து, அந்தப் பயனருக்குரிய எல்லா நிரல்களையும் ஒரே ‘கில்’ கட்டளையால் முடித்துவிட முடியும். நிர்வாகி உரிமையே தேவையில்லை. பெயர் ஒன்றாக இருப்பதே போதும். ஆத்.லாக் பதிவேட்டில், அமர்வு முடிந்த நிமிடத்துக்குச் சற்று முன்பு ‘அக்செப்டடு பாஸ்வேர்டு’ என்ற வரியும், அதில் ஆய்வகத்தின் இன்னொரு கணினியின் முகவரியும் இருந்தால், யார் என்று விசாரிக்கலாம். சூடோ கொண்டு எவரேனும் வெளியேற்றியிருந்தால் அந்தக் கட்டளை முழுவதுமே அங்கே பதிவாகியிருக்கும். மாணவியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுங்கள். மாணவியருக்குத் தேவையில்லாத கணினிகளில் எஸ்எஸ்எச் சேவையை நிறுத்துங்கள்.

கேள்வி: ஆராய்ச்சிக்கான கணக்கீட்டைப் பல்கலைக்கழகச் சர்வரில் இரவு முழுவதும் ஓடவிடுகிறேன். கட்டளையின் முடிவில் ‘&’ குறியிட்டுப் பின்னணிக்கு அனுப்பிவிட்டுத்தான் போகிறேன். சில நாள் காலையில் முடிவு வந்திருக்கிறது; சில நாள் நடுவிலேயே நின்றிருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?
— ஆய்வு மாணவி, மார்த்தாண்டம்

எப்படி வெளியேறினீர்கள் என்பதில்தான் வேறுபாடு. ‘எக்ஸிட்’ என்று தட்டி வெளியேறிய நாளில், பேஷ் இயல்பாகப் பின்னணி வேலைகளுக்கு எதையும் சொல்லாமல் போய்விடும், அவை ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப்பை மூடிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிய நாளில் இணைப்பு அறுந்து, அறுந்ததைச் சர்வர் உணரும் வேளையில், கெர்னல் உங்கள் ஷெல்லுக்கு ‘ஹேங்அப்’ என்ற 1-ஆம் எண் சமிக்ஞையை அனுப்பும். தொலைபேசிக் கம்பிவழி டெர்மினல்கள் இணைந்திருந்த காலத்தில், மறுமுனை தொலைபேசியை வைத்துவிட்டது என்பதைத் தெரிவிக்க உண்டான பெயர் அது. பேஷ் அதைப் பெற்றதும் தன் வேலைகள் அனைத்துக்கும் அதையே அனுப்பிவிட்டு முடிந்துவிடும். உங்கள் கணக்கீடும் அதில் அடங்கும். எக்ஸிட் தட்டிய நாளிலும் ஓர் ஆபத்து உண்டு: இல்லாமற்போன டெர்மினலில் கணக்கீடு எதையேனும் எழுத முயன்றால், பிழை வந்து நின்றுவிடலாம்.

ஆகவே கட்டளையின் முன்னால் ‘நோஹப்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாமல் கணக்கீடு ஓடும். திரையில் வர வேண்டியவை ‘நோஹப்.அவுட்’ என்ற கோப்பில் சேரும். இடையிடையே எட்டிப் பார்க்க வேண்டிய நீண்ட வேலைக்கு நான் டீமக்ஸையே சொல்லுவேன். அது இல்லாத பழைய சர்வரில் 1987 முதல் இருந்துவரும் ‘ஸ்கிரீன்’ இருக்கக்கூடும்.

இவற்றையும் மீறி வேலை நின்றால், உள்நுழைவுகளைக் கவனிக்கும் சர்வரின் ‘லாகின்டி’ அமைப்பை ஐயப்படுங்கள். லாகின்டி உள்ளிட்ட சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2016-இல் வந்த 230-ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லா நிரல்களையும் முடித்துவிடும் ‘கில்யூசர்பிராசஸஸ்’ என்ற அமைப்பு இயல்பாகவே ‘எஸ்’ என்று ஆக்கப்பட்டது. டெபியன் உள்ளிட்ட பல லினக்ஸ் வழங்கல்கள் அதை ‘நோ’ என்றே வைத்துக்கொண்டன. எனினும் சில அட்மின்கள் தெரிந்தே ‘எஸ்’ ஆக்குவதுண்டு. அப்போது நோஹப்பும் டீமக்ஸும் தனியே காப்பாற்றமாட்டா. வெளியேறிய பிறகும் நிரல்களைத் தங்கவிடும் ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ அனுமதியை உங்கள் பெயருக்கு அட்மினிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, ‘சிஸ்டம்டி-ரன்’ கட்டளையோடு ‘--யூசர்’, ‘--ஸ்கோப்’ என்ற இரண்டையும் சேர்த்து, அதன் வழியே டீமக்ஸைத் தொடங்குங்கள். முதல் முறை, பத்து நிமிடம் மட்டுமே ஓடும் சிறு கணக்கீட்டைத் தொடங்கிவிட்டு, வேண்டுமென்றே வைஃபையை அணைத்துப் பாருங்கள். மீண்டும் இணைந்து, அது முடிந்திருப்பதைக் கண்ட பிறகு இரவு வேலையை ஒப்படையுங்கள்.